மலையூரில் கை நனைக்காமல்

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான். "பாரு, பேசு, சிரி. என்ன வேணாலும் செய்யி. கைய மட்டும் நனைச்சிராதே."

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், பேசி முடியும் வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம். ரொம்ப வற்புறுத்தினால் காபி. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் அசிங்கம். மாப்பிள்ளை வீடு குளத்தூரிலோ திருமயத்திலோ இருந்தால் இது ஒரு கஷ்டமே இல்லை. அரை நாள் உட்கார்ந்துவிட்டு வருகிற வழியில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம். நான் போனதோ கிரேக்க நாட்டில், மலைமேல், ஓட்டலே இல்லாத ஊருக்கு. தங்குவதும் அந்த வீட்டிலேயே.

என் மகள் மதி ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள். அங்கேயே வேலையும் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் நிகோஸ் என்ற கிரேக்கப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று போன மாசியில் சொன்னாள். என் வீட்டுக்காரர் சிமெண்டுக் கடையைப் பூட்ட முடியாது என்றார், ஆடி மாசத்தில் எவனாவது சம்பந்தம் பேசுவானா என்றார், கடைசியில் நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்று டிவியைப் போட்டுவிட்டார். நான் கீரனூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் கல்யாணம் இல்லாததால் ரவிக்கை தைக்கக் கூட்டம் வராது. கிளம்பிவிட்டேன்.

மதி என்னிடம் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. "நீ வந்து பாரும்மா. ஒனக்கு ஒப்பலைன்னா நான் விட்டுர்றேன்" என்றாள். அவள் விட்டுவிடுவாள், எனக்குத் தெரியும். அந்தப் பயம் கடல் தாண்டியும் என்னோடு வந்தது.

மதி ஜெர்மனியிலிருந்து வந்து வழியில் என்னோடு சேர்ந்துகொண்டாள். முதல் நாளே கோளாறு. கீழே இருக்கிற டவுனிலிருந்து கிளம்பிய பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. எனக்கு மலை என்றால் குடுமியான்மலை, சித்தன்னவாசல். ஏறி, பார்த்து, இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இது முடிவதாக இல்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பார்க்கவே கூடாத பள்ளம், அதன் அடியில் நூல் மாதிரி ஓர் ஆறு. பாதி வழியில் ரோட்டை மறித்து ஒரு பெரிய கல் விழுந்து கிடந்தது. டிரைவர் இறங்கி, கல்லைப் பார்த்து, சிகரெட் பற்றவைத்து, யாருக்கோ போன் போட்டார். ஆள் வர நாளையாகும் என்றார்கள். யாரும் கோபப்படவில்லை. கல்லைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய் நின்றோம். பஸ் நுழையாத சந்தில் நுழைந்து, மேலே போகிற சின்ன ரொட்டி வண்டி ஒன்று வந்தது. அதில் ஏறிக்கொண்டோம்.

சுடச்சுட ரொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மலை ஏறியது நான்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ரொட்டிக்காரர் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பின்னால் நீட்டினார்.

"இவரு அவங்களுக்குச் சொந்தக்காரரா?" என்றேன் மதியிடம்.

"இல்லம்மா. வெறும் ரொட்டிக்காரரு."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

நிகோஸிடம் கற்றுக்கொண்ட கிரேக்கத்தில் அவள் கேட்டாள். நிகோஸின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாம். ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர் முழுக்கக் கல். சுவர் கல், தெரு கல், கூரைக்கும் ஓட்டுக்குப் பதிலாகப் பலகை பலகையாகக் கல். தெரு என்று சொல்வதெல்லாம் படிக்கட்டுதான். நிகோஸ் வாசலில் நின்று, மதி சொல்லிக் கொடுத்தபடி, "வாங்க அத்தை" என்றான். ஒல்லியான பையன், காது இரண்டும் சிவந்திருந்தது. அவன் அப்பா தனாசிஸ் ஆடு வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். அம்மா பெயர் வாசிலிகி. நல்ல உயரம், அகலமான தோள், ஆம்பளைக் கை. யாரைப் பார்த்தாலும் துணி எவ்வளவு ஆகும் என்றுதான் என் புத்தி முதலில் போகும். இவளுக்கு வழக்கமான அளவில் கட்டாது என்று நினைக்கும்போதே வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் தட்டு வந்தது. சின்னச் சாசரில் கறுப்பாய்ப் பளபளவென்று ஏதோ ஒன்று பாகில் மிதந்தது. பச்சை வாதுமைக்காயைப் பாகில் ஊறப் போட்டது என்றாள் மதி. வீட்டுக்கு வருகிறவருக்கு அதில் ஒரு கரண்டியும் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரும் கொடுப்பது அவர்கள் வழக்கம். நான் தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்துவிட்டுக் கையைக் கூப்பினேன். வாசிலிகி சாசரைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். நான் மறுபடி கூப்பினேன். வீடே என் கையைப் பார்த்தது.

மதி குறுக்கே புகுந்து என்னவோ சொன்னாள். வாசிலிகியின் முகம் மலர்ந்துவிட்டது. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினாள்.

"என்னடி சொன்னே?"

"ஆடி மாசம், அம்மா வெரதம்னு சொல்லிட்டேன்."

இப்படி ஒரு பொய்யை அந்த ஊரில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மாதம் அவர்களுக்கும் விரதம். ஆகஸ்டு பதினைந்தில் மாதா திருநாள்; அதுவரைக்கும் கறி, பால், முட்டை கிடையாது. வாசிலிகிக்குத் தன் ஆளே வந்துவிட்டது போல ஆகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் விரதச் சாப்பாடு சமைக்க ஆரம்பித்தாள். காராமணி வேகவைத்து வெங்காயம் போட்டது, மலையில் பறித்த கீரையை அவித்து எலுமிச்சை பிழிந்தது, கொண்டைக்கடலைக் குழம்பு. காராமணி என்றால் எனக்கு உயிர். அந்த வாசனையில் நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் மனமில்லை.

"ஒண்ணுமே சாப்பிடாத வெரதம்னு சொல்லு" என்றேன்.

மதி சொன்னாள். வாசிலிகி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ஆனாலும் ஒவ்வொரு வேளையும் என் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். விருந்தாளி சாப்பிடாத மேசையில் தானும் உட்காரவில்லை. அடுப்பங்கரையில் நின்றபடியே இருந்தாள். என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று தெரியவில்லை.

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டு வேலை எதையும் தொட விடமாட்டார்கள். வெளியே போனால் படிக்கட்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு கல்தொட்டி, சுவரிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பனிக்கட்டி போலக் குளிர்ந்த நல்ல தண்ணீர். யாரும் பிடிக்கவில்லை. மூடுகிற திருகு எங்கே என்று நான் சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன். மலை ஊற்று, மூட முடியாது, அது பாட்டுக்குப் போகும் என்றான் நிகோஸ். சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவளுக்கு அதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய தண்டனை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது, பசியிலும் சேர்த்து.

மாப்பிள்ளை வீடு பார்ப்பது என்றால் வீட்டை மட்டும் பார்ப்பதல்ல. ஊரில் விசாரிக்க வேண்டும். எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, பொதுவாகப் பேச்சுக் கொடுத்து, குடி உண்டா, கோபம் உண்டா, மாமியார் எப்படி என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுப் படியே ஏறுவோம். அங்கே ஊர் நடுவில் ஒரு பெரிய பழைய மரம், அதன் நிழலில் ஒரு காபிக்கடை. யாருக்கும் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். மொழிபெயர்க்கிற போனை மேசையில் வைத்தேன். அது என் பேச்சைக் கிரேக்கத்தில் சொல்லும், அவர்கள் பேச்சை வானொலிச் செய்தி வாசிப்பது போன்ற தமிழில் சொல்லும். அது இல்லாவிட்டால் நான் செத்தேன்.

"தனாசிஸ் வீட்டு ஆளுக எப்படி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். "எங்கள் எல்லோருக்கும் அவர்கள் உறவினர்கள்" என்றது போன்.

"அவரு குடிப்பாரா?"

"இங்கே குடிக்காதவர் பாதிரியார் மட்டும். அவரும் குடிப்பார்."

சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "பையனைப் பற்றிக் கேட்காதீர்கள். அவன் நல்லவன், போய்விட்டான். தாயைப் பற்றிக் கேளுங்கள். அவளை இதுவரை யாரும் வென்றதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். காபிக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர். உறவினர் என்று சொல்லியிருந்ததால் நான் வற்புறுத்திக் கொடுத்தேன். படியேறி வீட்டுக்கு வருவதற்குள் நான் கேட்டதெல்லாம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வாசிலிகி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். உதறிய உதறலில் தெரிந்தது. இந்த விஷயத்தில் கிரேக்கமும் கீரனூரும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் காலையிலேயே கூப்பிட்டார். "பசியோட கெடக்காத. பிடிக்கலைன்னா இன்னிக்கே கெளம்பி வந்திரு" என்றார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்கே தெரியாததை அவரிடம் என்ன சொல்வது. "பாத்துக்கிட்டு இருக்கேங்க" என்று வைத்துவிட்டேன்.

பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த அவலும் பொட்டுக்கடலை உருண்டையும் இருந்தன. அதை வைத்துத்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ஊருக்கு மேலே ஏறினேன். மேகம் காலடியில் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஆட்டு மணிச் சத்தம், ஆடு கண்ணில் படவில்லை. கருவேலத்தையும் தைலமரத்தையும் பார்த்த கண்ணுக்கு அந்த ஊசியிலை மரங்களின் கறுப்புப் பச்சை கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. காட்டுச் செடிகளை மிதித்தால் ஓமம் மாதிரி ஒரு வாடை வந்தது. பெரிய கஷ்கொட்டை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓர் உருண்டையை முழுசாக வாயில் போட்டேன்.

நிமிர்ந்தால் எதிரில் வாசிலிகி நிற்கிறாள். கையில் அரிவாள், தோளில் சாக்கு. மலைத் தேயிலை என்று அவர்கள் காய்ச்சிக் குடிக்கிற மூலிகையை அறுக்க வந்திருக்கிறாள்.

வாய் நிறைய உருண்டை. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு எதிர்ப் பாறையில் உட்கார்ந்தாள். டப்பாவை நீட்டினேன். எடுக்கவில்லை. என் போனைக் காட்டி வை என்றாள்.

"என் உணவை நீங்கள் ஏன் வெறுக்கிறீர்கள்?" என்று அந்தச் செய்தி வாசிக்கிற குரல் கேட்டது.

எனக்கு அவமானமாக இருந்தது. மறைக்கவும் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் பொய், எங்கள் வழக்கம் இது, சாப்பிட்டால் பெண்ணைக் கொடுத்தது போல, நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. அவள் முழுசும் கேட்டாள்.

"இது நியாயமான வழக்கம்" என்றாள். "அப்படியென்றால் நான் தட்டு வைப்பது உங்களை வற்புறுத்துவது. இனி வைக்க மாட்டேன். ஆனால் காபிக்கடையில் ஏன் கேட்டீர்கள்? என்னிடம் கேளுங்கள்."

கேள் என்று சொன்ன பிறகு வசதி, குடி, கோபம் எதுவும் என் வாயில் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"எம் மகளுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனா யாரு பாப்பா?"

போன் அதைச் சொல்லி முடித்தது. வாசிலிகி கீழே பள்ளத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "அவர்கள் இருக்கும் ஊருக்கு நான் போனதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. என் மகன் போன குளிர்காலத்தில் மருத்துவமனையில் இருந்தான். குணமாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னான். அப்போது உங்கள் மகள்தான் அவனுடன் இருந்தாள். நான் இங்கே ஆடுகளுடன் இருந்தேன்."

எத்தனையோ சம்பந்தப் பேச்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லாத மாமியாரை இதுவரை பார்த்ததில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். மதி பிறந்த பிறகு காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. தெரியாது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தது பெற்றவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. மதி அந்த விஷயத்தை எனக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.

அன்று மேசையில் எனக்குத் தட்டு இல்லை. மற்ற மூன்று பேருக்கும் வைத்தாள். என் முன்னால் வெறும் பலகை. அதுவரை தட்டைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, தட்டே இல்லாத இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். மதி, "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் மாதா திருநாள். நம்மூரில் சுதந்திர தினம். பிழைப்புக்காக வெளியூர் போனவர்களெல்லாம் காரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கோயில் வாசலில் நீள நீளமாக மேசை, பெரிய பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறி கொதித்தது. ஒருவர் கிளாரினெட் வாசித்தார். நாதஸ்வரம் மாதிரியே இழுத்து இழுத்து, சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாத வாசிப்பு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று தடவை எழுந்து, மூன்று தடவை உட்கார்ந்தேன்.

பந்தி பரிமாறியவர்களில் வாசிலிகியும் ஒருத்தி. எங்கள் மேசைக்கு வந்தாள். மதிக்கு வைத்தாள், நிகோஸுக்கு வைத்தாள், என்னைத் தாண்டிப் போய்த் தனாசிஸுக்கு வைத்தாள். பின்னால் வந்த ஒரு பெண் பதறிப்போய் எனக்கு ஒரு தட்டை வைக்கக் குனிந்தாள். வாசிலிகி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஊரே பார்த்தது. கோபத்தில் செய்யவில்லை, சொன்ன சொல்லுக்காகச் செய்கிறாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். மதி கரண்டியை எடுக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்த்தேன். இவள் உண்மையிலேயே விட்டுவிடுவாள், விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போடவில்லை. எழுந்து போய், அடுக்கியிருந்த தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கொப்பரைக்கு முன்னால் நின்றேன். வாசிலிகி அங்கே திரும்பி வந்து அகப்பையைப் பிடித்திருந்தாள். ஊற்றவில்லை. என்னைப் பார்த்து என்னவோ கேட்டாள். மதி ஓடிவந்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களான்னு கேக்குறாங்கம்மா."

"ஊத்தச் சொல்லுடி" என்றேன்.

வாசிலிகிக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தட்டு வழிய ஊற்றினாள். பலகையில் உட்கார்ந்து, கரண்டியை ஒதுக்கிவிட்டு, கையை நன்றாக நனைத்துச் சாப்பிட்டேன். மிளகாய் இல்லை, மசாலா இல்லை, உப்பும் எலுமிச்சையும் எலும்பை விட்டுக் கழன்று வருகிற கறியும்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரவிக்கையை நனைத்தாள். நிகோஸ் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ரொட்டியாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பந்தி முடிகிற நேரத்தில் வாசிலிகி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். நீளமாக ஏதோ சொன்னாள். மதி கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை என்ன சொல்றாங்கன்னா, ஒன் வேலை முடிஞ்சிருச்சு, என் வேலை இன்னும் ஆரம்பிக்கலை. எம் மகன் போற வீட்ட நானும் பாக்கணும்ல. இங்க பனி விழுந்து ரோடு மூடுறதுக்கு முன்னாடி ஆட்டை அவர்ட்ட விட்டுட்டு அங்கிட்டு வாரேன். ஒங்க வழக்கம் நியாயமான வழக்கம். பாத்துட்டுப் பிடிச்சாத்தான் நானும் கை நனைப்பேன்."

நான் சிரிக்கவில்லை. அவள் செய்வாள்.

ஊருக்குத் திரும்பி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் சாப்பிட்டதற்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அதெப்புடி நம்ம வீட்டுக்கு வந்துட்டுச் சாப்பிடாம இருப்பாங்க?" என்றார். "அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்த பொம்பளை நம்ம வீட்டுல பட்டினி கெடந்தா பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கடையில் வருகிறவனிடமெல்லாம் கிரேக்க நாட்டுக்காரர்கள் காரம் தாங்குவார்களா என்று கேட்கிறார்.

நேற்று என்னிடம் வந்தார். "நீதான் அங்கனயே இருந்துட்டு வந்தவ. அந்தம்மாவுக்கு என்னதான் பிடிக்கும்? அதைச் சொல்லு, வாங்கிப் போட்டுருவோம்" என்றார்.

எனக்கு அவள் உயரம் தெரியும், தோள் அளவு தெரியும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.